எஞ்சினுக்கு மக்கியாஜ்

என் தம்பி கலைமாறன் செய்த வேலையை, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. மெக்கானிக் என்று சொன்னால் பாதிப் பொய். கராச்சில் வேலை என்று சொன்னாலோ, "அப்ப என்ரை காரின்ரை பிரேக்கை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோவன்" என்று பிடித்துக்கொள்வார்கள். அவன் பிரேக்கைத் தொடுவதேயில்லை. அவன் எஞ்சினுக்கு வேஷம் போடுகிறவன்.

கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் ஏறி வடக்கே அரை மணித்தியாலம் போனால் பிராங்க் என்ற பிரெஞ்சுக்காரரின் கராச் வரும். அவரும் அவருடைய கூட்டாளிகளும் தொண்ணூறு வருடப் பழைய அமெரிக்கக் கார்களைத் தேடி வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பொனட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின் ஊருக்கே தெரிய ஓடித்திரிகிற ஆட்கள். ஹொட் ரொட் என்று அதற்குப் பெயராம். பைத்தியம் பலவிதம், என்ன செய்கிறது. பழைய எஞ்சின் பார்க்க வடிவு, ஆனால் வழியில் நின்றுவிடும். புது எஞ்சின் நிற்காது, ஆனால் பிளாஸ்டிக் மூடியும் வயருமாகக் கண்கொண்டு பார்க்க ஏலாது. ஆகவே புதியதைப் பூட்டி, அதன்மேல் பழையதின் உருவத்தைப் போர்த்துவார்கள். அந்த உருவத்தைச் செய்கிறவன்தான் என் தம்பி. அலுமினியத்தில் வார்த்த போலி மூடிகள், உள்ளே ஒன்றுமில்லாத மூன்று கார்புரேட்டர்கள், மின்சாரம் ஓடாத பிளக் வயர்கள். புது ஆணிகளுக்கு உப்பும் வினாகிரியும் பூசி ஒரு கிழமையில் கிழவனாக்கிவிடுவான்.

கார்புரேட்டர் அவனுக்குக் கைப்பழக்கம். வன்னியில் பெற்றோலுக்குத் தடை இருந்த நாட்களில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டி, தினமும் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டியவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான்.

நான் தாட்சாயினி. ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு டிக்கெட் கடைக்கு மேலே மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறேன். கண்ணாடியில் 'மக்கியாஜ்' என்று பெரிதாக எழுதியிருக்கும், பிரெஞ்சில் முக அலங்காரம். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் மாறன் போனில் இரண்டு படம் காட்டினான், வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. நான் திகைத்துப் போனேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சுப்போட்டியேடா."

"நீங்கள் அந்தப் பிள்ளையளின்ரை முகத்திலை செய்யிறது மட்டும் என்னவாம்?"

"அப்ப ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். ஆரும் வெள்ளையள் கேட்டா, மக்கியே செய்யிறன் எண்டு சொல்லு. வடிவா விளங்கும்."

மக்கியே என்றால் அலங்காரம் செய்வது. அவனுக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தம்பி, கெடுத்தது அக்காவின் வாய்.

மாறனுடைய அகதி வழக்கு இரண்டு தரமும் நிராகரிக்கப்பட்டது. பதினொரு வருடமாக விசா இல்லை. இங்கே வதிவிட அட்டையைத்தான் நாங்கள் விசா என்போம். சோதனை நடக்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டு ஸ்டேஷனுக்கு முன்னமே இறங்கி நடப்பான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "விசா வரட்டும் அக்கா" என்பான். வேலையைக் காட்டி விசா கேட்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கு முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். பிராங்க் ஒரு சொல் மறுக்காமல் வைத்துக் கொடுத்தார். சம்பளச் சீட்டுகளும் ஒழுங்காகக் கொடுத்தார். விசா கொடுக்கிற கந்தோரில் நாள் கிடைக்க மட்டும் ஒன்றரை வருடம் பிடித்தது.

அன்றைக்கு மொழிபெயர்க்க நானும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரி. அவனுடைய பிரெஞ்சைப் பார்க்க வேண்டும், அவனே பேசட்டும் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மாறன் ஒரு மாதமாகப் பாடமாக்கியதைத் தடக்காமல் சொன்னான்.

"கார் எஞ்சின்களை மக்கியே செய்கிறேன், மடம். உள்ளே இருப்பது ஒன்று, வெளியே தெரிவது இன்னொன்று."

தட்டச்சு நின்றது. "பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா?"

"ஒருவருக்கும் தெரியாது, மடம்."

எனக்கு என்றால் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. ஒரு பிழை விடாமல் பேசிவிட்டானே. பக்கத்திலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன்: "மிகவும் கெட்டிக்காரன், மடம். நான்தான் இந்தச் சொல்லைப் பழக்கினேன்." அந்தப் பெண் எதையோ நீளமாக எழுதினார். வெளியே வந்து இரண்டு பேரும் மட்டன் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு இன்றுவரை நான் ரோல்ஸ் வாங்கியதில்லை.

மூன்று கிழமையில் பிராங்கின் கராச்சுக்குப் பொலிஸ் வந்தது. எஞ்சின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். களவுச் சாமான் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இரண்டு காரில் பத்திரத்தில் இருந்த எஞ்சின் வேறு, உள்ளே இருந்தது வேறு. அதை வைத்து விசாரணை தொடங்கினார்கள். கந்தோரிலிருந்துதான் தகவல் வந்தது என்று சொல்லிவிட்டு அவர்கள் போன பிறகு, அங்கே என்ன சொன்னாய் என்று பிராங்க் கேட்டிருக்கிறார். மாறன் அதே வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறான். மனுசன் ஒரு டயரில் குந்தித் தலையைப் பிடித்துக்கொண்டாராம்.

மாறன் எனக்கு போன் எடுத்தான். "அக்கா, அந்தச் சொல்லுக்கு வேறை கருத்தும் இருக்காம்."

"என்ன கருத்து?"

"முகத்துக்கு எண்டா அலங்காரமாம். காருக்கு எண்டா, களவெடுத்த காரை ஆருக்கும் தெரியாம மாத்திறதாம்."

இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆயிரம் பெண்களின் முகத்தைப் பற்றிப் பிரெஞ்சில் பேசியிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

விசாரணை முடியும்வரை மாறனுக்காக இனி எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று பிராங்கின் சட்டத்தரணி அவரைத் தடுத்துவிட்டார். நல்ல மனுசன், வீட்டுக்கே வந்து சொன்னார். அவரைத் திட்டவும் வழியில்லை. அடுத்து பதிவுத் தபால் வந்தது: விண்ணப்பம் நிராகரிப்பு, முப்பது நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

பிழை என்னுடையது என்று சொல்லக் கந்தோருக்கு ஓடினேன். நாள் எடுக்காமல் உள்ளே விட முடியாது என்றார் வாசலில் நின்றவர். கணினியில் நாள் எடுக்கப் பார்த்தால் ஒரு நாளும் இல்லை. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நான் செய்த பிழையை ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு ஒரு கதவு திறக்கவில்லை.

பிறகு நிராகரிப்பை எதிர்த்து வழக்குப் போட ஸ்டெஃபானி என்ற சட்டத்தரணியைப் பிடித்தோம். கெட்டிக்காரப் பிள்ளை, சுற்றி வளைக்காமல் பேசினார். இது வெறும் அலங்காரம், இதனால் ஒருவரும் ஏமாற மாட்டார்கள் என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டுமாம். சாதாரணக் கண்ணுக்கே போலி என்று தெரிகிற ஒரு படம் வேண்டும். மூடி பொருந்தாத இடம், பெயின்ற் விட்டுப்போன ஓரம், எதுவானாலும் போதும்.

மாறன் போனை எடுத்து, நாலு வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். நானும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எல்லாமே பழைய எஞ்சின்கள். ஒன்றில்கூட ஒரு கோடு தெரியவில்லை.

"ஒண்டாவது பிழைச்சிருக்கும், வடிவாத் தேடு."

"இல்லை அக்கா."

"தொடக்கத்திலை பழகேக்கை செய்தது?"

"அதெல்லாம் உடைச்சுப்போட்டுத் திரும்பச் செய்தனான்." திருப்பி முதல் படத்துக்குப் போனான். கண் கலங்கியிருந்தது. "தெரியாமச் செய்யிறதுதானே அக்கா வேலை. நான் இப்ப பிழைக்கு எங்கை போறது?"

என்ன சொல்கிறார் என்று ஸ்டெஃபானி என்னைக் கேட்டார். இந்த வாயால் இனி எந்தச் சொல்லை எடுக்கவும் எனக்குப் பயம்.

"தன் வேலையில் பிழை ஒன்றும் இல்லை என்கிறான்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். முப்பது நாளில் எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டார்.