டயர் செருப்பு

அறுபதுகளில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு அடித்துக்கொண்டிருந்தபோது, சிதம்பரத்துப் பட்டறை ஒன்றில் அந்த வெல்டரைப் பார்த்தேன். கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, பொறி பட்டுப் பாதி கருகிய புருவம், காலில் கனத்த டயர் செருப்பு. வேலையைத் தொடுமுன் இரண்டு கையையும் ஈரம் போகத் துண்டில் துடைப்பார். பிறகு, "கண்ண மூடுங்கடா!" என்று பட்டறையே அதிரக் கத்துவார்.

அன்று மழை. தரையெல்லாம் ஈரம். என் லாரியின் சேசிஸ் விரிசலை அவர் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். முதலாளி வந்தால் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லோரும் கழற்றினார்கள். இவர் கழற்றவில்லை.

"எம் முன்னாடியே செருப்போட நிக்கிறியா? கழட்டுடா."

"ஈரத்துல வெறுங்காலோட நின்னா கரண்ட் என்னத் தூக்கிப் போட்டுரும்."

"கழட்டு. இல்லன்னா வேலைய விட்டுப் போ."

வெல்டர், வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டரை அவரிடம் நீட்டினார். "சரி, கழட்டுறேன். மொதல்ல நீங்க வெறுங்காலோட நின்னு இதப் புடிச்சுக் காட்டுங்க மொதலாளி."

முதலாளியின் கை வேட்டி மடிப்பை விட்டு நகரவில்லை.

வேலை முடிந்ததும் வெல்டர் மெயின் சுவிட்சை அணைத்தார். செருப்பைத் தானே கழற்றி வைத்துவிட்டு, சுவரிலிருந்த முருகன் படத்தைக் கும்பிட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, முதலாளியைத் தாண்டி டீ குடிக்கப் போனார். தேவைக்கு மேல் அழுத்தி மிதித்து நடந்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.