முள் அராவிய தூண்டில்

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கடல் உண்டு, குளம் உண்டு, வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. வழுக்கையாறு என்று ஒன்றைச் சொல்வார்கள். மழை விட்டால் அதுவும் வயல்தான். அதனால் முப்பது வயதுக்கு மேல் சிட்னிக்கு வந்து நெப்பியன் ஆற்றின் கரையில் முதன்முதலாக நின்றபோது எனக்கு வாய் அடைத்துப் போனது. பிறகு வாய் திறந்து நான் கேட்ட கேள்வி, "இவ்வளவு நல்ல தண்ணியும் சும்மாவோ கடலுக்குப் போகுது?" என்பதுதான்.

என்னைக் கூட்டிப்போனவன் விழுந்து விழுந்து சிரித்தான். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை எனக்கு. பக்கத்து மேசையில் சிவப்புத் தாடியோடு இருந்த வெள்ளைக்காரன் அவன். திங்கட்கிழமை முழுவதும் போன கிழமை பிடித்த மீனைப் பற்றிப் பேசுவான். செவ்வாயிலிருந்து இனிப் பிடிக்கப்போகும் மீனைப் பற்றி. வாயை மூட வைக்க வேறு வழியில்லாமல்தான் ஒரு சனிக்கிழமை அவனோடு போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி, நல்ல கோடை.

கரையில் வைத்து அவன் என் கையில் ஒரு மரக்கட்டையைத் தந்தான். விளக்குமாற்றுத் தடியில் ஒரு துண்டை வெட்டி, பச்சை மை பூசி, இரண்டு கண் வைத்து, முன்னுக்கு ஒரு தகரச் சொண்டும் வயிற்றில் கொக்கிகளும் பூட்டியிருந்தான். லூர் என்றான். பொய்யிரை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். ஆள் என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மீனுக்கு இறால் குத்துவோம், புழு குத்துவோம். விளக்குமாற்றைக் குத்தி எவனும் மீன் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

எதிர்க்கரையில் சவுக்கு மரங்கள் ஆற்றுக்குள் சரிந்து நின்றன. மரம் முழுக்கச் சில்வண்டுகள். காது கிழிகிற சத்தம். அவ்வப்போது ஒன்று பிடி தவறி, தண்ணீரில் விழுந்து சிறகடிக்கும். அந்த நிழலுக்குள் கட்டையை எறி என்றான். எறிந்தேன். அசைக்காதே, வளையங்கள் அடங்கட்டும் என்றான். அடங்கின. இப்போது ஒரு சின்ன இழுவை என்றான்.

தண்ணீர் வெடித்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய கல்லைக் கீழேயிருந்து மேலே எறிந்தது போல ஆறு எழும்பி விழுந்தது. "ஐயோ கடவுளே!" என்று தமிழில் கத்தினேன். தூண்டில் தடி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. முழங்கை நீள மீன் ஒன்றுதான் கடைசியில் வந்தது. ஆனால் அது இழுத்த இழுவைக்கு நான் ஒரு எருமையை எதிர்பார்த்திருந்தேன். பாஸ் மீன் என்றான் தாடிக்காரன். முதுகு கறுப்பு, பக்கங்களில் பித்தளை நிறம், விரித்தால் குத்துகிற முள். அன்றிலிருந்து எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று என் மனைவி சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

அந்தக் கோடை முழுவதும் கிழமைக்கு ஒன்றிரண்டு மீன் எங்கள் நார்த்மீட் வாடகை வீட்டுக் குசினிக்கு வந்தது. பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டுவந்து மேசையில் போடுவேன். அவள் பொரிப்பாள், குழம்பு வைப்பாள். அடுத்த குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இல்லாமல் போனது. அதற்கு முன் ஊரில் ஒன்று மூன்றாம் மாதத்தில் போயிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. பேசத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம். அவளுக்கு என்ன பயம் என்று நான் கேட்டதில்லை.

அதற்கடுத்த தை மாதம் மூன்றாவது தங்கியது. செய்தி சொன்ன அன்றே, நான் தடியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, இனி நீங்கள் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது."

"என்ன?"

"பெண்சாதி பிள்ளைத்தாச்சியாய் இருக்கேக்கை புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாமலென்ன! பாம்பைக்கூட அடிக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பாடை தூக்கக்கூடாது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சொன்னது யார்? ஊரில் பெரிய வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். கிரகணத்தன்று எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டிருக்க, முற்றத்தில் நின்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டியவள். வெள்ளிக்கிழமைகூட விரதம் பிடிக்காதவள்.

"உனக்கு எப்ப தொடக்கம் இந்தச் சாத்திரமெல்லாம்?" என்று கத்தினேன்.

"இப்ப தொடக்கம்."

"விசர்க் கதை!"

"நீங்கள் நம்ப வேண்டாம். கொல்லாமல் இருந்தால் காணும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கொல்லக்கூடாது என்றுதானே சொன்னாள், பிடிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே. கொக்கியின் நுனியில் பின்பக்கமாக நிற்கும் சின்ன முள்தான் மீனை விடாமல் கிழிப்பது. அரத்தை எடுத்து, குசினி மேசையில் இருந்து, எல்லாக் கொக்கிகளின் முள்ளையும் அராவித் தள்ளினேன். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். "ஒண்டாவது செத்தால் அதோடை சரி. பேந்து ஆத்துப் பக்கம் தலை வைச்சும் படுக்கக்கூடாது," என்றாள். ஓம் என்றேன்.

பிடித்த மீனை விடுவதற்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் எரித்து வருகிறாய் என்று தாடிக்காரன் தலையில் கை வைத்தான். அந்த நாட்களில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதவன் யாரையும் நான் அங்கே காணவில்லை. அவனுக்கு எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தப் போனால் அது வேறு கதை. என் மனைவிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடத் தொடங்கிய பிறகுதான் நான் அந்த மீனைப் பார்த்தேன். பேப்பரில் சுற்றி வீட்டுக்கு வந்தது வேறு ஏதோ ஒரு சாமான். தண்ணீருக்குள் என் இரண்டு கைகளுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது வேறு. மணல் தெரிகிற இடத்தில் பிடித்தால் வெள்ளி மாதிரி இருக்கும். இலை ஊறிக் கறுத்த மடுவில் பிடித்தால் தேயிலைச் சாயம் போல. செவுள் மூடியில் ஊதாவும் பச்சையும் ஒரு கணம் ஓடி மறையும். கண் என்னைப் பார்க்கிறதா, என்னைத் தாண்டிப் பார்க்கிறதா என்று தெரியாது. கையை விரித்தால், போன இடம் தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர் கூச்செறியும். இவ்வளவு அழகைக் கடவுள் ஏன் கலங்கின தண்ணீருக்குள் ஒளித்து வைத்தார் என்று நினைப்பேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கேள்வி வரும். "எல்லாம் உயிரோடையோ?"

"ஓம், எல்லாம் உயிரோடை."

பிறகுதான் தேத்தண்ணி.

பங்குனி முடிய, இந்த நாட்டுக் கோடையும் முடிய, சில்வண்டுகள் ஓய்ந்தன. மீன்கள் மேலே வருவதை நிறுத்தின. மிதக்கிற கட்டையை வைத்துவிட்டு, நீண்ட சொண்டு வைத்த, இழுக்க இழுக்கக் கீழே முக்குளிக்கிற பொய்யிரையைக் கட்டினோம். விடியப்புறம் ஆற்றின் மேல் பனிப்புகார் படுத்திருக்கும். விழுந்து கிடக்கும் மரங்களை ஒட்டி எறிந்தால் ஆழத்தில் 'டங்' என்று ஒரு அடி விழும். குளிருக்கு முன் தின்று வயிறு நிரப்புகிற காலம், மீன்கள் கொழுத்திருந்தன. வீட்டில் அவளுடைய வயிறும் தெரியத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் மாதம் தொடங்கிய பிறகு நாங்கள் இருவரும் வீட்டுக்குள் மெதுவாக நடந்தோம். கதவைக்கூட அடித்துச் சாத்துவதில்லை.

வைகாசியில் ஒரு காலை, நான் பயந்தது நடந்தது. பெரிய மீன். பொய்யிரையை முழுசாக விழுங்கிவிட்டு, கொக்கி செவுளுக்குள் ஏறியிருந்தது. முள் அராவியிருந்தபடியால் கொக்கி உடனே கழன்றது. ஆனால் இரத்தம் வந்தது. தண்ணீரில் விட்டேன், சரிந்து, வயிறு மேலே தெரிய மிதந்தது.

நான் படித்தவன், கணக்குப் போடுகிறவன், சாத்திரத்தைக் கேட்டுச் சிரித்தவன். உடுப்போடு ஆற்றுக்குள் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், குளிரில் பல் கிட்டியது. மீனை நிமிர்த்தி, வாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தேன். தண்ணீர் வாய்க்குள் போய்ச் செவுள் வழியாக வெளியே வந்தது. செவுள் அசையவில்லை. "எழும்படா ராசா, எழும்பு, என்ர குஞ்செல்லே, எழும்பு," என்று கெஞ்சினேன். கரையில் நின்ற தாடிக்காரனுக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்தரமாக அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முருகா, இதை மட்டும் எடுத்துவிடாதே என்றேன். எதைச் சொன்னேன் என்று எனக்கும் முருகனுக்கும் தெரியும்.

முதலில் செவுள் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு இன்னொரு முறை. பிறகு என் உள்ளங்கைக்குள் அந்த உடம்பு இறுகியது. ஒரு உயிர் திரும்பி வருவதை நான் கையால் உணர்ந்தேன். அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாலால் என் மணிக்கட்டில் ஒரு அடி போட்டுவிட்டு, ஆழத்துக்குள் இறங்கிப் போனது.

அன்று வாசலில் அவள் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"நீந்திப் போனதோ, மிதந்து போனதோ?"

"நீந்தி. எனக்கு அடிச்சுப்போட்டுப் போனது."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு, "ஈரக் காற்சட்டையைக் கழட்டுங்கோ, சளி பிடிக்கப்போகுது," என்றாள். ஐந்தாம் மாதம் கடந்தது.

ஆனி பிறக்க ஆற்றில் ஒன்றுமில்லை. கோடையில் வெடித்த அதே மடுவில் நாள் முழுக்க எறிந்தேன். ஒரு கொத்தல் கிடையாது. ஆறு தெரியாத ஆள்தானே நான். குளத்து மீன் குளத்தில், கடல் மீன் கடலில் என்று வளர்ந்தவன். நான் பிடித்துப் பிடித்து விட்டதில் மீன்கள் வெறுத்துப் போய்விட்டன என்று நினைத்தேன். தாடிக்காரனிடம் சொன்னால் மறுபடியும் அதே சிரிப்பு. அவை உப்புத் தண்ணீருக்குப் போய்விட்டன, முட்டையிட என்றான். குளிர் தொடங்க, மழை வெள்ளத்தோடு இறங்கி, கடல் நீர் வந்து கலக்கிற இடம் வரைக்கும் போகுமாம். அங்கே முட்டையிட்டு, வசந்தத்தில் திரும்பி வருமாம். குஞ்சுகள் உப்பில் பிறந்து, பாறை பாறையாக ஏறி, கண்டே இராத நல்ல தண்ணீரைத் தேடி வருமாம். அட கடவுளே! யார் வழி சொல்லிக் கொடுத்தது?

இதை அவளிடம் சொன்னேன். "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். அவளுக்கு எட்டாம் மாதம். காரின் பின்னால் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் வைஸ்மன்ஸ் ஃபெரி என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஆறு அகன்று, பெயர் மாறி, ஹாக்ஸ்பரியாக வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கடலேரியின் மணம் மூக்கில் அடித்தது. மத்தியான வெயிலில் அவள் கதிரையில் இருந்தாள். நான் எறிந்தேன்.

வந்தது ஒரு பெண் மீன். தண்ணீரை விட்டுத் தூக்காமல் வயிற்றைத் தாங்கிப் பிடித்தேன். பிடித்த பிடியிலேயே என் விரல்களின் மேல் முட்டைகள் வழிந்தன. மணி மணியாக, கண்ணாடி போல, எண்ணிக்கையில்லாமல். நான் அசையவில்லை. அவள் கதிரையை விட்டு எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் வந்து பார்த்தாள். "விடுங்கோ, கெதியாய் விடுங்கோ," என்றாள். விட்டேன். பொய்யிரையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். பிள்ளை பிறக்கும் வரைக்கும் பிறகு நான் தடியைத் தொடவில்லை. யாரும் தொட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

குளிர் முடிய, வாட்டில் மரங்கள் மஞ்சளாய்ப் பூத்திருந்த ஒரு காலை பெண் குழந்தை பிறந்தது. அந்த நாட்களில் தகப்பனை உள்ளே விடமாட்டார்கள். நேரம் வந்து உள்ளே போனபோது அவள் களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் துணிக்குள் கிடந்தது. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல பெருமை. "பாத்தியே! ஒரு மீனும் சாகேல்லை. உன்ர சாத்திரம் பலிச்சிட்டுது," என்றேன்.

"எனக்கு அதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை," என்றாள்.

"பின்னை ஏனப்பா என்னை இந்தப் பாடு படுத்தினனீ?"

அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "கிழமைக்குக் கிழமை கொண்டந்து மேசையிலை போடுவீங்கள். ரெண்டாவது பிள்ளையை ஆசுப்பத்திரியிலை ஒருக்கால் எனக்குக் காட்டினவை, துணியிலை சுத்தி. பேந்து செத்த ஒண்டைச் சுத்தி ஆரும் என்ர வீட்டுக்குள்ளை கொண்டாறதைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீங்கள் அழுவீங்கள். சாத்திரம் எண்டால் சண்டை பிடிப்பீங்கள். சண்டை பிடிக்கிற மனிசனோடை ஒன்பது மாதம் இருக்கலாம். அழுகிற மனிசனோடை என்னால இருந்திருக்க ஏலாது."

பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். "இனி அழுங்கோ," என்றாள்.