சுவரில் தொங்கும் பைகள்

பெரம்பலூரில் எங்கள் குடிசைப் பகுதிக்கு நான்தான் சுகாதாரப் பணியாளர். பிள்ளை பிறக்கும் முன்பே வீட்டில் அதற்குத் துணி எடுத்து வைத்தால் ஆகாது என்பார்கள். வலி வந்த பிறகு பழைய வேட்டியையும் செக்கப் அட்டையையும் தேடி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் ஒருத்திக்கு வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்காமல் அவள் இறந்துபோனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே அடுத்த தெருவில் நிறைமாதமாக இருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

“உங்க வூட்டுல வைக்கக் கூடாதுன்னா, துணியையும் அட்டையையும் ஒரு பையில போட்டு எங்கிட்ட குடுங்க, என் வூட்டுல வச்சுக்கிறேன்.”

“ஏதாச்சும் ஆயிட்டா?” என்றார் அவள் மாமியார்.

“என்னை வந்து கேளுங்க.”

பையை வாங்காமல் நான் நகரவில்லை.

இப்போது என் வீட்டுச் சுவரில் நான்கு பைகள் தொங்குகின்றன. நான்காவது, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளுடையது. மற்ற மூன்றும் அடுத்த வீட்டுப் பைகள்; இதை மட்டும் அவள் இருக்கும் வீட்டிலேயே மாட்ட வேண்டியிருந்தது. மாட்டிவிட்டேன்.