சம்பந்தி திருப்பிய கேமரா

போன வாரம் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண், "அத்தை, போன்ல நீங்க என்னென்ன பாப்பீங்க?" என்று கேட்டாள்.

"யாராவது கூப்பிட்டா எடுப்பேன். அவங்க முகத்தைப் பாப்பேன். அவ்வளவுதாம்மா" என்றேன்.

அதற்கா இவ்வளவு பெரிய போன் என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பாயசம் வந்துவிட்டது... பேச்சு அதோடு நின்றது.

ஆனால், போடிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அதே நினைப்புதான். முகத்தைப் பார்ப்பது என்ன அவ்வளவு சின்ன விஷயமா? அவளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். என் மகள் சங்கீதாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதும்மா, யாருக்காச்சும் உதவும்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் பேனாவால் எழுதித் தபாலில் அனுப்புகிற ஆள். போன வருஷம் வரைக்கும் என்னிடம் இருந்தது பட்டன் போன். கீழே விழுந்தாலும் எழுந்துகொள்ளும். எனக்கு அது போதுமாக இருந்தது.

சங்கீதா பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். அவளுடைய வீடு போடிமெட்டைத் தாண்டி, மலைமேல், ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில். மருமகன் பாண்டி அங்கே சூப்பர்வைசர். குழந்தையோடு கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியதும், "தினமும் இவனைப் பாக்கணும்னா இதைக் கத்துக்கோ" என்று ஒரு ஸ்மார்ட்போனைக் கையில் கொடுத்தாள்.

தொடு என்றாள். அழுத்தினேன்.

"தொடும்மா. இது காலிங் பெல் இல்ல."

தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் கழுவிய ஈரக்கை. முந்தானையில் துடைத்துவிட்டுத் தொட்டால், எதுவோ திறந்து, வேறெதுவோ மூடி, எனக்கே தெரியாமல் டார்ச் எரிந்தது. பட்டப்பகலில் அந்த டார்ச்சோடு கடைவீதி முழுக்கப் போய் வந்திருக்கிறேன்! ஏலக்காய்க் கடைக்காரர்தான் சிரிக்காமல் சொல்லி அணைத்துக் கொடுத்தார். போன் வந்தால் பச்சை வட்டத்தைத் தொட்டால் மட்டும் போதாதாம், மேலே தள்ள வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

சங்கீதா கிளம்பிப் போனாள். நான் முதன்முதலாக மலைக்கு வீடியோ கால் போட்டேன். அதை எடுத்தது என் சம்பந்தி, பாண்டியின் அம்மா பேச்சியம்மாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கும் பேச்சியம்மாளுக்கும் சண்டை கிடையாது... பேச்சும் கிடையாது. அவர் மலையில் ஏலக்காய் பறிக்கிறவர். நான் பேப்பரில் எழுதுகிறவள். கல்யாணத்திலிருந்தே "நல்லாருக்கீங்களா சம்பந்தியம்மா", "சாப்பிட்டீங்களா சம்பந்தியம்மா" – இரண்டு நாட்டுத் தூதர்கள் மாதிரி வார்த்தையை எடைபோட்டுப் பேசுவோம். ஒரு வார்த்தை கூடினால் குற்றம், குறைந்தால் அவமரியாதை. பெண்ணைக் கொடுத்தவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு நான் பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினேன். அந்தப் பக்கமிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"சம்பந்தியம்மா... ஒங்க காதுதேன் தெரியுது. கம்மல்ல திருகாணியக் காணோம்."

தடவிப் பார்த்தேன். இல்லைதான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கம்மலும் போயிருக்கும். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாக ஒன்றாகச் சிரித்தோம்.

பேச்சியம்மாளும் என்னை மாதிரிதான். மகனுடைய பழைய போன், சங்கீதாவிடம் பாடம். ஒருநாள் எதையோ தொட்டுவிட்டார். அவர் முகம் மறைந்து, அவர் வீட்டு அடுப்பு வந்துவிட்டது. பேசி முடிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைத் தொட்டால் கேமரா அந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் சங்கீதா கூப்பிடுவாள். திரை முழுக்கப் பேரன்தான். சிரிக்கிறான், கவிழ்கிறான், விரலைச் சப்புகிறான். "நீ எப்படிடி இருக்க?" என்றால், "நல்லாருக்கேம்மா" என்று குரல் மட்டும் வரும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

மழை விட்டிருந்த ஒருநாள், காலை பத்து மணி இருக்கும். பேச்சியம்மாள் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் காட்டில் காய் பறித்துக்கொண்டிருக்க வேண்டும். பதறிப்போய் எடுத்தேன்.

உதட்டில் விரலை வைத்தார். பிறகு கேமராவைத் திருப்பினார்.

பின்வாசல் படி. அதில் சங்கீதா உட்கார்ந்திருந்தாள். தலை வாரி எத்தனை நாளானதோ. நைட்டியின் தோளில் பால் காய்ந்த கறை. பக்கத்துத் தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுகிறான். அவள் திரும்பவே இல்லை. எதிரே ஏலச்செடிகளைப் பார்த்தபடி இருக்கிறாள்... பார்க்கிறாளா என்றும் தெரியவில்லை. கண் அங்கே இருந்தது. அவள் அங்கே இல்லை.

பேச்சியம்மாள் ஒரு கையால் குழந்தையைத் தூக்குவது தெரிந்தது. படம் ஆடியது. அழுகை அடங்கிய பிறகு, வீட்டுக்குள் வந்து அவர் முகம் மறுபடி தெரிந்தது.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"வெரசா வாங்க மதினி."

சம்பந்தியம்மா அல்ல, மதினி.

வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டு, கட்டிய புடவையோடு பஸ் ஏறினேன். அந்த மலைப்பாதையில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றியதா என்றே ஞாபகமில்லை. போடிமெட்டில் இறங்கி, எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போனேன். அம்மா என்று ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம், தினமும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறாளே – ஜீப் முழுக்க இதே புலம்பல், மனசுக்குள்.

சங்கீதா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். சந்தோஷப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"அவன் இப்பத்தாம்மா தூங்குறான்" என்றாள்.

"நான் அவனப் பாக்க வரல. ஒன்னயப் பாக்க வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு உதடு கோணியது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுவாளே, அதே அழுகை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள் – குழந்தையைப் பார்த்தால் எதுவும் தோன்ற மாட்டேன் என்கிறது, தூக்கமே வருவதில்லை, தான் கெட்ட அம்மா என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் போனில் முகத்தைக் காட்டவில்லை.

மறுநாளே கீழே கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினோம். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு வருவதுதான், யாருடைய தப்பும் இல்லை, குணமாக்கலாம் என்றார். மருந்து கொடுத்தார். மருந்தைவிட முக்கியமாக, தூங்க விடுங்கள், தனியாக விடாதீர்கள் என்றார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேரனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக அவர் வேலைக்கே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பக்கத்து வீடுகளில் காத்துக் கருப்பு என்றார்களாம். மந்திரித்த கயிறு ஒன்றும் வாங்கிக் கட்டியிருக்கிறார். அதோடு விடாமல் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.

"போன்ல ஏன் மதினி ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"நா என்னன்னு சொல்றது? ஒங்க மக பிள்ளையத் தூக்க மாட்டேங்குதுன்னா? மாமியா குத்தம் சொல்றான்னுல ஆகிப்போகும். நீங்க அதுகிட்டக் கேப்பீக, அது நல்லாருக்கேன்னு சொல்லும். அதேன் காட்டிப்புட்டேன்."

எத்தனையோ வருஷமாக வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறேன். எந்த இடத்தில் வார்த்தை உதவாது என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அது அவருக்கு என் மகள்மேல் இருந்த பிரியத்தால் தெரிந்தது.

நன்றி என்று சொன்னேன். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க எதுக்கு நன்றி சொல்றீக?" என்று கேட்டுவிட்டு, பேரனுக்குக் குல்லா மாட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

சங்கீதா சில மாதங்கள் எங்களோடு இருந்தாள். நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. பாண்டி வாராவாரம் இறங்கி வந்து குழந்தையைக் குளிப்பாட்டப் பழகினார். ஒருநாள் சங்கீதா அடுப்படியில் ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுவதைக் கேட்டேன். உள்ளே போகாமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மலையில்தான் இருக்கிறாள். மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார்.

செல்போன் குடும்பங்களைக் கெடுக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நானும் இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இனிமேல் எழுத முடியுமா என்று தெரியவில்லை. அதன் உள்ளே என்னென்ன இருக்கிறதோ, எனக்குத் தேவைப்பட்டது கேமராவைத் திருப்புகிற அது ஒன்றுதான். அது என் சம்பந்தியின் கையில் இருந்தது.

பேச்சியம்மாள் மறுபடி வேலைக்குப் போகிறார். டீ குடிக்கிற நேரத்தில் காட்டிலிருந்தே என்னைக் கூப்பிடுகிறார். அங்கே சிக்னல் சரியாக வராது. பாதிப் பேச்சில் படம் உறைந்து, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

நான் கட் பண்ணுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.