பிரேமா எழுதாத கடவுச்சொல்

கழுகுமலைத் தேரோட்டத்துக்கு மறுநாள் காலை, தீப்பெட்டி ஆலை அலுவலகத்தின் படிகளில் பிரேமா திட்டிக்கொண்டே இறங்கினார். "இனிமே இந்தப் படியை மிதிச்சா என்னைச் செருப்பால அடி." பின்னாலேயே நானும் இறங்கினேன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு வேலை கொடுத்தவர் அவர்.

கோவில்பட்டி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர் பிரேமா. விசைகளைத் தட்ட மாட்டார், குத்துவார். பிழை வந்தால் திரையைப் பார்த்து "ஏலே மூதி" என்பார். தேநீரை ஆறவிட்டுக் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்று கடைக்காரரை வைவார்.

அந்த ஆலையில் பாதிப் பங்கு உமாதேவிக்கு. முதலாளி சண்முகராஜின் இறந்துபோன தம்பியின் மனைவி; அவரை அத்தான் என்று கூப்பிடுவார். முக்கியமான தாள்களில் அவருடைய டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். அதற்கான சாவி ஒரு கணினிக் கோப்பு. கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். பிரேமாவுக்கு முன்பிருந்த மென்பொருள்காரர் கறுப்புத் திரையில் கட்டளையோடு கடவுச்சொல்லையும் சேர்த்து அடித்து, திறந்த சாவியைப் பொதுக் கணினியில் போட்டுவைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் உமாதேவி ஆகலாம். ஆகியும் இருந்தார்கள். சரக்குக் கிட்டங்கியை அடகு வைத்த தாளில் தன் கையெழுத்து இருப்பதே அவருக்குத் தெரியாது.

பிரேமா பழைய சாவியை ரத்துசெய்ய வைத்தார். புதியதற்கு உமாதேவியே கடவுச்சொல் வைத்தார். பிறகு கட்டளைகளைத் தூக்கியெறிந்து, நிரலுக்குள்ளேயே வேலையை முடித்தார். உரியவர் கடவுச்சொல்லை அடித்தால் சாவி நினைவகத்தில் மட்டும் திறக்கும்; கையெழுத்தானதும் மறைந்துவிடும்.

சண்முகராஜுக்குப் பொறுக்கவில்லை. தேரோட்டத்துக்கு மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "உமா என்ன வேத்து ஆளா? பாஸ்வேர்டைக் புரோகிராமுக்குள்ளயே எழுதிப் போடும்மா. அவளுக்கு எதுக்கு அலைச்சல்?"

எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது; அதற்குள் பிரேமா முந்திக்கொண்டார்.

"அப்ப ஒங்க ஏடிஎம் நம்பரை வாசல்ல எழுதி ஒட்டட்டா, அண்ணாச்சி? ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"எழுதுதியா, கிளம்புதியா?"

வாசலோரம் நின்ற உமாதேவி மெல்ல, "நானே சொல்லிருதேன் பிரேமா, எதுக்கு வம்பு" என்றார்.

"அக்கா, வாயைத் திறக்காதீய!" பிரேமா போட்ட சத்தத்தில் கீழே குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

'திமிர் பிடிச்ச பொம்பளை' என்ற பேச்சு பரவி, வேறு ஆலைகளும் கூப்பிடுவதை நிறுத்தின. இப்போது நாகலாபுரத்தில் ஒரு விதைக்கடைக்கு பில் மென்பொருள் எழுதுகிறார், அதே கோபத்தோடு. அந்த ஆலையில் அவருடைய நிரல் இன்னும் ஓடுகிறது. மாற்றி எழுத அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் கரிசல் சேறாகிக் கிடந்த ஒரு மதியம், பிரேமா கைபேசியை என்னிடம் நீட்டினார். உமாதேவி அனுப்பியிருந்தார்:

"பிரேமா, அத்தான் இன்னைக்கு ஒரு தாள் கொண்டுவந்தாவ. முழுசா வாசிச்சேன். என் பங்கை அவிய பேருக்கு மாத்துத தாள். பாஸ்வேர்டு அடிக்கலை. கேட்டாவ, சொல்லலை. ஒனக்கும் சொல்ல மாட்டேன்."