அப்ப மாவில் ஊற்றியது

கல்யாணமாகி மூன்றாம் மாதமே ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேற்றி என்னை மன்னாரில் கொண்டுவந்து போட்டார்கள். என் கணவருக்குத் தலைமன்னாரில் சுங்கக் கந்தோர் உத்தியோகம். வேலை நாட்களில் அங்கேயே தங்க வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. திங்கட்கிழமை விடியலில் ரயிலேறுவார், சனிக்கிழமை மத்தியானம் வருவார். நடுவில் உப்புக்குளத்து வாடகை வீட்டில் நானும் ஆட்டுக்கல்லும்தான்.

ஒருத்திக்கென்று இட்லி அவிப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. ஒரு பிடி உளுந்தைப் போட்டால் குழவி கல்லோடு கல்லாக உரசும். ஆகவே நாலு பேருக்கு ஆட்டி நாலு நாள் தின்பேன். அந்த ஊர் வெயிலுக்கு இரண்டாம் நாளே மாவு பொங்கி வழிந்து மூக்கைத் துளைக்கும். அதைத் தோசையாக வார்த்து நின்றபடியே தின்றுவிட்டுப் பகல் முழுக்க வாய் திறக்காமல் கிடப்பேன். குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே சில நாள் காக்கையைத் திட்டியிருக்கிறேன்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் வீடு. கடைத்தெருவில் துணி விற்கிறவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வேலிக்கு மேலாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “தங்கச்சி, பொட்டால வாங்கோ” என்பதுதான். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் சந்து என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எனக்கு ராத்தா. அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டுப் புட்டு எனக்கும் என் வீட்டுத் தோசை அவளுக்கும் பழகிப்போயின. என் அம்மா கேள்விப்பட்டிருந்தால் தலைமுழுகியிருப்பாள். அவள் கேள்விப்படக் கடலைத் தாண்ட வேண்டுமே! அந்தத் தீவு முழுவதிலும் எனக்கு இருந்த பேச்சுத்துணை ராத்தா ஒருத்திதான்.

ஒரு காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து, அக்கரையிலிருந்து சரக்கு வரவில்லை. கடையில் ஒரு பொட்டு உளுந்து இல்லை. சரி, அப்பம் சுடலாம் என்று அரிசியை ஊறப்போட்டு இடித்துக் கரைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் மாவு செத்த மீன் மாதிரி கிடந்தது. தாழ்வுபாட்டிலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு சின்னப் போத்தலில் வெள்ளையாக எதையோ கொண்டு வந்து தந்தாள்.

“பொழுதுபடேக்க இதை மாவில ஊத்தி வையுங்கோ பிள்ளை. விடிய மா பொங்கி நிக்கும்.”

என்ன அது, பதநீரா என்று கேட்டேன். அந்தச் சொல் அவளுக்குப் புதிது. அங்கே அதற்குக் கருப்பணி என்று பெயராம். அது எனக்குப் புதிது. “ஓம், பனையில எடுக்கிறதுதான்” என்றாள். நானும் புளித்த பதநீர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறேன். முழுக்கத் தெரியாது என்பது பொய். மூடியைத் திறந்தபோது அடித்த வாடை மூக்குக்கு எட்டத்தான் செய்தது. மறுநாள் அப்பம் ஓரம் முறுகி நடுவில் பஞ்சாக வந்துவிட்டது. பிறகு நான் ஏன் கேள்வி கேட்கப் போகிறேன்?

அந்த வாரந்தான் ராத்தா காய்ச்சலில் விழுந்தாள். விடிய எழுந்து, அப்பச்சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுச் சுட்டு, பொட்டாலே கொண்டுபோய்க் கொடுத்தேன். கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டவள் என் அப்பத்தில் இரண்டு தின்றாள். பள்ளிவாசலில் தொழுது வந்த கையோடு அவள் கணவர் மூன்று தின்றுவிட்டுக் கடைக்குப் போனார். மொத்தம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் இருந்ததுபோல நான் அந்த ஊரில் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒருவருக்கு நான் தேவைப்பட்டேனே.

சனிக்கிழமை கணவர் வந்தார். அடுப்படியில் போத்தலை எடுத்து முகர்ந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அடி பைத்தியக்காரி, இது கள்ளுடி!” என்றார். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. வெளியே மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டுத் திங்களன்று ரயிலேறிப் போனார்.

சொன்னால் ராத்தா போய்விடுவாள். சொல்லாவிட்டால் தினமும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திங்கள் முழுக்க வேலிப் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவளே காய்ச்சல் தேறி மெலிந்த முகத்தோடு வந்து, என்ன கோபமா என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் திட்டவில்லை.

“தெரியாமத் திண்டது எங்களுக்குக் குத்தமாகாது, தங்கச்சி. நீங்க சொல்லாம விட்டிருக்கலாம். இனி நான் அவருக்குச் சொல்லோணும்.”

சொல்லியிருப்பாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாலாம் நாள் காலை, வழக்கம்போலப் புட்டும் சம்பலும் வந்தன. ஆனால் அதுவரை பீங்கான் தட்டில் வந்தது, அன்று வாழையிலையில் வந்தது. மறுநாளும் இலைதான். அதற்கப்புறம் எப்போதும் இலைதான்.

எங்கள் ஊரிலானாலும் அந்த ஊரிலானாலும் பக்கத்து வீட்டுத் தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. நம் வீட்டில் சமைத்ததில் ஏதாவது வைத்துத்தான் கொடுப்போம். இலையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. என் கைச் சாப்பாடு இனி வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவள் கதவைச் சாத்தியிருந்தால் நானும் ரோஷத்தோடு இருந்திருப்பேன். அந்தப் புட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றேன்.