மழைக்கு முந்தின தலைசுற்றல்

முதல் தடவை தலை சுற்றியபோது நான் பிள்ளையார்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பக்தி காரணமில்லை, சம்பளம்தான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான் மேற்பார்வையாளன். அச்சிலிருந்து எடுத்து இன்னும் சுடாத பொம்மைகளைப் பலகை பலகையாக முற்றத்தில் காயவைத்திருந்தோம். ஐப்பசி பிறந்து, வெயிலும் மழையும் முறை வைத்துக்கொண்டு வந்த சமயம். திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. அடுத்த நொடி பட்டறை, புகைபோக்கி, வேப்பமரம் எல்லாம் என்னைச் சுற்றி ஊர்வலம் கிளம்பின. கைக்கு அகப்பட்ட பலகையைப் பிடித்தேன். ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை போயிற்று. எனக்குக் காலையில் தின்ற இட்லி மட்டும் தப்பியது.

கொஞ்ச நேரத்தில் சுற்றல் நின்றுவிட்டது. பயம்தான் நிற்கவில்லை. என் அப்பா சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் "தல ஒரு மாதிரியா சுத்துதுடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். தூக்கி நிறுத்தியபோது வலது கையும் பாதிப் பேச்சும் அவரோடு எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். அன்றைக்கு அவருக்கிருந்த வயதுக்கு இப்போது நான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஆகவே எனக்கு அவசரமாக வேறொரு காரணம் தேவைப்பட்டது. வானிலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

டீக்கடைக்காரர் உடனே வழிமொழிந்தார். "சீசன் மாறுதுல்ல சார், பித்தம் தலைக்கு ஏறும். இஞ்சிய தட்டி, தேன் வுட்டு சாப்புடுங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் இருக்குது."

"எல்லாருக்கும் தலை சுத்துதா?"

"இல்ல சார், எல்லாருக்கும் பித்தம்."

படித்தவன் என்று ஊரில் ஒரு பெயர் இருப்பதால் பித்தத்தோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. காற்றழுத்தம், ஈரப்பதம், உள்காது என்று அகப்பட்டதையெல்லாம் படித்தேன். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று டிவியில் சொன்னால் மனசுக்கு நிறைவாக இருந்தது. என் உடம்பைப் பற்றி அரசாங்கமே அறிக்கை விடுகிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மேகம் கறுத்த நாளெல்லாம் சுற்றியது, பளிச்சென்று வெயில் அடித்தால் சுற்றவில்லை. ஒருநாள் விடிகாலையில் கட்டிலில் புரண்டபோது அறையே கவிழ்ந்தது. முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால் அதையும் மழையின் தலையில் கட்டிவிட்டேன்.

இவ்வளவு நிரூபித்த பிறகும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் இருந்தால் எழுந்து நடக்கத் தோன்றும், நடந்தால் சுவரோரமாக நடக்கத் தோன்றும். டீக்கடையில் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனவன் தண்ணீர் டேங்க்கைத் தழுவிக்கொண்டு நிற்பதை மனைவியே வந்து பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"க்ளைமேட் மாறுது."

"அதுக்கு டேங்க்க ஏன் கட்டிப் புடிச்சிருக்கீங்க?"

பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. "மாமாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

மறுநாள் காலை என்னை அவளுடைய ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். வழியெல்லாம் என் தொடையைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். பிரஷர் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். பிறகு என் தலையை ஒருபக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். நின்றுகொண்டிருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல பாக்கறப்பதான சார் வருது?"

"இல்ல மேடம், மேகம் வர்றப்ப."

"மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பாப்பேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சுடாத மண் பொம்மையின் மேல் நாலு தூறல் விழுந்தால் கண் மூக்கு கரைந்துவிடும். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கறுத்தால் பலகைகளை உள்ளே தூக்கவேண்டும், மங்கலம்பேட்டைப் பக்கம் கறுத்தால் பெரும்பாலும் பம்மாத்து. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மேகம் வந்த நாளெல்லாம் முற்றத்தின் நடுவில் அண்ணாந்து நின்றிருக்கிறேன். வானம் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் கழுத்தை மடக்கியதோடு சரி.

உள்காதில் இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிவிட்டனவாம். அண்ணாந்தாலும் புரண்டாலும் அவை உருளும், உலகமும் கூட உருளும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, புரட்டிப் படுக்கவைத்து, அவற்றை இருந்த இடத்துக்கே அனுப்பப் பார்த்தார் டாக்டர்.

"அப்ப க்ளைமேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா?" என் ஆராய்ச்சியை அவ்வளவு சுலபத்தில் விட மனசில்லை.

"அப்படியும் சொல்ல முடியாது சார். வெயில்ல வேர்த்து ஊத்தி, தண்ணி குடிக்காம இருந்தா பிரஷர் கொறஞ்சு தலை சுத்தலாம். ஒத்தத் தலைவலிக்காரங்கள்ல சிலருக்கு க்ளைமேட் மாறினாலே ஒத்துக்காது. ஆனா எல்லாத்தையும் மழை மேல போட்டுட்டு வீட்ல உக்காரக் கூடாது. வாய் கோணுனா, பேச்சு கொழறினா, ஒருபக்கம் கை கால் தூக்க வரலைன்னா, உடனே ஓடி வந்துரணும்."

மனைவி கேட்டாள்: "இவங்க அப்பாவுக்கு வந்தது..."

"இது அது இல்லம்மா. ஆனா அவருக்கு வந்திருக்கறதால இவரு பிரஷர், சுகர் ரெண்டையும் ஒழுங்கா பாத்துக்கணும். கொஞ்ச நாளைக்கு அண்ணாந்து பாக்க வேணாம்."

வெளியே வந்தபோது காற்று மாறியிருந்தது. முற்றத்தில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மேல எப்படி இருக்குது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மேகமா இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"மேலதான்."

அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிரிங்க பாப்போம்" என்றாள்.

"ரோட்லயா?"

"சிரிங்கன்றேன்ல."

சிரித்தேன். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். "ரெண்டு கையயும் தூக்குங்க."

தூக்கினேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து எங்கள் பக்கத்தில் நின்றது.

"நீங்க போங்கண்ணா, ஏறல" என்றாள். டிரைவர் இன்னும் இறக்காத என் கைகளைப் பார்த்தார். அவளாகவே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்காரு."